ராக்னா விட்டுவைத்த ஒரு சுற்று

ராக்னா மூடிய ஃப்ளாஸ்க்கை ராக்னாதான் திறக்க வேண்டும். எங்கள் ஸ்கோக்லி ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மலைக்குப் போகும் வழியில் அவள் பின்தங்கிவிட்டால், மற்றவர்கள் காபியை மடியில் வைத்துக்கொண்டு அவள் வந்து சேரும்வரை வெறும் வாயை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஜாம் பாட்டிலோ தண்ணீர்க் குழாயோ, அவள் வலது கை பட்டுவிட்டால் அவ்வளவுதான். அவள் கணவன் ஸ்டைனார் ஒருமுறை ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான். அவர்களாலும் முடியவில்லை. கடைசியில் அவள் வேலை செய்யும் டயர் கடைக்கே கொண்டுபோய் வாடிக்கையாளர்கள் முன்னால் அவளிடம் நீட்டினான். அவள் இரண்டு விரலால் திறந்து கொடுத்தாள்.

அந்த டயர் கடையில்தான் அவளுடைய வாழ்க்கையில் பாதிக்கு மேல் கழிந்தது. இலையுதிர் காலத்தில் முதல் உறைபனி விழுந்த மறுநாள் காலை ஊரே பனி டயர் மாற்ற வரிசையில் வந்து நிற்கும். ஈஸ்டர் முடிந்ததும் அதே ஊர், அதே வரிசை, அதே முகங்கள், கோடை டயருக்கு. சக்கரத்தின் நட்டை முடுக்குகிற ஸ்பானர், போதுமான அளவு இறுகியதும் 'டக்' என்று ஒரு சத்தம் போடும். அங்கே நிறுத்த வேண்டும். எல்லோரும் நிறுத்தினார்கள். ராக்னா மட்டும் அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் முடுக்குவாள்.

"டக்குங்கிறது ஸ்பானர் செஞ்சவன் கணக்கு. இது என் கணக்கு" என்பாள்.

முதலாளி திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், விட்டுவிட்டார். அவள் மாட்டிய சக்கரம் ஒன்றுகூட வழியில் ஆடியதில்லை என்பது உண்மை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. இருக்கட்டுமே, பெருமைப்பட வேண்டிய விஷயம்தானே.

ஆனால் இந்தப் பழக்கம் நட்டோடு நிற்கவில்லை. போன இலையுதிர் காலத்தில் அவளுக்கு இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைத்தார்கள். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை ஆஸ்பத்திரியில் ஒரு பெண் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். ராக்னா அதையெல்லாம் இரட்டிப்பாகச் செய்தாள். கால் வீங்கியது. தூக்கிப் போட்ட ஊன்றுகோல் மறுபடி கைக்கு வந்தது. அவளுடைய தங்கை ஓட்னி ஓடி வந்து, தலையில் அடித்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் வரை அவளுக்குச் சமைத்துப் போட்டாள். ஓட்னி எதையும் எளிதில் மறக்கிறவள் இல்லை.

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஓட்னி வீட்டில் ஈஸ்டருக்கு யார் எதைக் கொண்டுவருவது என்ற பேச்சு நடந்தது. மேசையில் வாஃபிள் அடுக்கி வைத்திருந்தது. பழுப்புப் பாலாடைக்கட்டியை ஓட்னி மெல்லிசாகச் சீவி ஒவ்வொருவர் தட்டிலும் போட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல், சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னாள்.

"அக்கா, இந்த வருஷம் நீ குல்பிரான் வண்டியில வந்துரு."

ராக்னா வாஃபிளைக் கீழே வைத்தாள்.

அக்கா தங்கை இருவருக்கும் பொதுவாக மலைமேல் ஒரு குடில் இருக்கிறது. அவர்கள் அப்பா கட்டியது. சாலை கிடையாது. வண்டியை அடிவாரத்தில் விட்டுவிட்டு, பனிச்சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, சதுப்பு நிலத்தைத் தாண்டி, உறைந்த ஏரியின் குறுக்கே போய், அப்புறம் மேட்டில் ஏற வேண்டும். மூட்டை முடிச்சுகளை மட்டும் குல்பிரான் என்ற பண்ணைக்காரன் பனி ஸ்கூட்டரின் பின்னால் சறுக்கு வண்டியைக் கட்டி இழுத்து வருவான். அந்த வண்டியில் ஆரஞ்சுப் பழக் கூடை போகும், விறகு போகும், கைக்குழந்தைகள் போகும். அப்புறம், முடியாதவர்கள் போவார்கள். இவர்களுடைய சித்தப்பா தொலெஃப் ஒரு ஈஸ்டருக்கு, 'சும்மா இந்த ஒரு தடவைதான்' என்று சொல்லி அதில் ஏறினார். அதற்குப் பிறகு அவர் பலகையில் கால் வைக்கவே இல்லை. வருஷா வருஷம் மான் தோலில் உட்கார்ந்துகொண்டு, எல்லோருக்கும் கையாட்டியபடி போனார். பலகையில் வர வேண்டாம் என்று அவரை யாரும் தடுத்ததில்லை. வா என்று கூப்பிட ஆள் இல்லாமல் போனது, அவ்வளவுதான். அந்த வண்டியில் ஏறினால் இறங்க முடியாது என்பது ராக்னாவுக்கு நன்றாகத் தெரியும்.

"எனக்கு டாக்டர் போலாம்னு சொல்லியாச்சு" என்றாள்.

"உன்னைப் பத்தித் தெரியாம சொல்லிட்டார். அவர் மெதுவாப் போன்னா நீ ஏரியை ரெண்டு தடவை சுத்திட்டு வருவ."

ஓட்னியின் கணவன் ஹால்வர் காபிக் கோப்பையோடு சாய்ந்து உட்கார்ந்தான். வாய் பெரிசு, மனசு மோசமில்லை. எந்த வேலைக்கும் மின்சாரத்தில் ஓடும் கருவி ஒன்று இருக்க வேண்டும் என்று நம்புகிறவன். குடிலுக்கு முதலில் போய்ச் சேருகிறவர்தான் கொடி ஏற்ற வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். ஹால்வர் மருமகனாக வந்த நாளிலிருந்து வேறு யாரும் அந்தக் கயிற்றைத் தொட்டதில்லை.

"யோசிச்சுப் பாரு ராக்னா" என்றான். "கீழ மான் தோல், மேல கம்பளி, மடியில ஆரஞ்சுக் கூடை. மகாராணி மாதிரி வரலாம்."

"மகாராணி வேணும்னா உன் பொண்டாட்டியை உக்கார வை."

"சரி, இடுப்பு நல்லாருக்குன்னே வெச்சுக்குவோம். உன் பலகை? போன வருஷமே இடது பலகையில பிடி ஆடிச்சு. நான் பார்த்தேன். ஏரி நடுவுல அது கழண்டா உன்னை யாரு தூக்கிட்டு வர்றது? ஸ்டைனாரா?"

ஸ்டைனார் தன் மெலிந்த தோள்களை ஒருமுறை பார்த்துக்கொண்டு, "என்னை விட்டுருங்க" என்றான்.

ஹால்வர் சொன்னது பொய்யில்லை. அதுதான் ராக்னாவுக்குக் கோபம்.

"நான் சரி பண்ணிடறேன்."

"பண்ணு. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் வர்றேன். பிடிச்சு இழுத்துப் பார்ப்பேன். இம்மி ஆடினாலும் வண்டிதான். சம்மதமா?"

"சம்மதம்" என்று அவள் கையை நீட்டினாள். குலுக்கிவிட்டு ஹால்வர் தன் கையை மேசைக்கடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நிலவறையில் இருக்கும் மரமேசைக்குப் போனாள். இடது பலகையை மல்லாக்க வைத்தாள். அகலமான மலைப் பலகை. உள்ளே மரம், ஓரத்தில் இரும்பு விளிம்பு. பூட்ஸின் நுனியைக் கவ்விக்கொள்ளும் உலோகப் பிடி ஒன்று, அதைப் பலகையோடு சேர்த்து வைத்திருக்கும் மூன்று திருகாணிகள். பின்னால் இருந்த இரண்டும் ஒழுங்காக இருந்தன. முன்னால் இருந்ததில் திருப்புளியை வைத்துச் சுற்றினாள். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எந்த இடத்திலும் பிடிக்கவில்லை.

இது யார் செய்த வேலை என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் முதல் பனி விழுந்ததும் அவள் இந்த மேசைக்கு வந்து மூன்று திருகாணிகளையும் ஒரு முடுக்கு முடுக்குவாள். அவை இறுக்கமாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஒரு முடுக்கு. இரும்பு அதைத் தாங்கும். மரத்துக்கு ஏது அந்தத் தெம்பு? வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அரைத்து மாவாக்கிவிட்டாள்.

பள்ளத்தாக்கில் இருக்கும் பலகைக் கடையில் சரி பண்ணித் தர முடியுமா என்று கேட்டாள். ஈஸ்டருக்கு அப்புறம் கொண்டு வாருங்கள் என்றார்கள். ஈஸ்டருக்கு அப்புறம் பலகையை வைத்துக்கொண்டு அவள் துணியா துவைப்பாள்?

பிடியைக் கழற்றினாள். அடியில் மரம் கறுத்து ஈரமாக இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில், ரொம்பவும் ஒட்டாமல், சுவரில் சாய்த்து வைத்து நாள் கணக்கில் காய விட்டாள். அந்த நாட்களில் அவள் காலையும் மாலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். காய்ந்ததும் ஓட்டையில் இருந்த மரத்தூளைச் சுரண்டி எடுத்தாள். தண்ணீரில் கரையாத மரப்பசையை விட்டாள். தீக்குச்சிகளின் மருந்துத் தலைகளை வெட்டி எறிந்துவிட்டு, குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகி, இனி இடமில்லை என்றானதும் சின்ன சுத்தியலால் தட்டினாள். பசை இறுகியதும் மேலே நீட்டியிருந்ததைச் சமமாகச் சீவினாள். குத்தூசியால் நடுவில் ஒரு வழி செய்து, பிடியை வைத்து, திருகாணியைப் போட்டாள்.

பிடித்தது. கையில் தெரிந்தது அது. ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்த்து, நன்றாக எதிர்த்து, நின்றது. பிடியை அசைத்துப் பார்த்தாள். பாறை. அவளுக்கு உள்ளே பொங்கிய சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! ஸ்டைனாரைக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள். கூப்பிடுவதற்கு முன்னால், பழக்க தோஷம், திருப்புளியை இன்னும் ஒரு சுற்று சுற்றினாள்.

உள்ளே ஏதோ நசுங்கியது. திருகாணி லேசாகிவிட்டது. சுற்றிக்கொண்டே இருந்தது.

ஸ்டைனார் கீழே இறங்கி வந்தபோது அவள் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். ஈஸ்டர் வந்தால் எங்கள் நாட்டில் எல்லோரும் மலைக்குடிலில் உட்கார்ந்து கொலைக்கதை படிப்பார்கள். ஸ்டைனார் திருட்டுத்தனமாக முன்கூட்டியே ஆரம்பித்துவிடுவான். அன்றும் பக்கத்துக்குள் விரலை வைத்துக்கொண்டேதான் வந்தான்.

"என்னாச்சு?"

"கொன்னுட்டேன்."

"யாரு கொலையாளின்னு நான் பாதியிலேயே கண்டுபிடிச்சுட்டேன்" என்றான். அவள் சிரிக்கவில்லை. அவன் புத்தகத்தை மூடினான்.

"ஸ்டைனார், நல்லாப் பிடிச்சுது. நின்னுச்சு. நான்தான்..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கல்யாணமானதுலேருந்து வெண்ணெய் டப்பாவோட மல்லுக்கட்டுறவன் நான். எனக்குத் தெரியாதா?"

அப்போது அவளுக்கு அழுகை வந்தது. இடுப்பை அறுத்தபோதுகூட அழாதவள். எதற்கு என்று அவளுக்கே தெளிவாகத் தெரியும். ஒரு திருகாணிக்காக இல்லை. மான் தோல்மேல் கையாட்டிக்கொண்டு போகும் சித்தப்பாவின் முகம்தான் கண்முன் வந்தது. பலகையை உடைத்ததும் நான், காலை வீங்க வைத்ததும் நான், ஓட்னி சொல்வதுதான் சரி என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு விஷமாக இருந்தது.

ஸ்டைனார் பக்கத்தில் இன்னொரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான். "நாள் இருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

"இன்னொரு தடவை பண்ண இருக்கு. அதுக்கு மேல இல்ல."

"அப்ப இன்னொரு தடவை பண்ணு."

"தீக்குச்சி மெத்துனு இருக்கு. வேற கட்டை வேணும். கெட்டியா."

விறகுக் குவியலில் தேடினாள். பைன் வேண்டாம், பிர்ச் பிளந்துகொண்டது. ஜூனிபர் புதரின் கட்டை கிடைத்தால் நல்லது. எங்கள் மலையில் ஆட்டுக்குட்டி உயரத்துக்கு மேல் வளர அதற்கு மனசு வராது. அப்படி முறுக்கிக்கொண்டு வளர்வதால் அதன் கட்டை எளிதில் உடையாது. ஆனால் பனிக்கு அடியில் கிடக்கும் ஜூனிபரை எங்கே போய்த் தோண்டுவது?

ஸ்டைனார் மேலே போனான். சமையலறையில் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. ஹால்வருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஜூனிபர் கட்டையில் வெண்ணெய் தடவும் கத்தி செதுக்கி, சிவப்பு ரிப்பன் கட்டி, சொந்தக்காரர் ஒருவர் விடாமல் கொடுப்பான். யார் வீட்டிலும் அதற்கு மேல் வெண்ணெய்க் கத்தி வைக்க இடமில்லை. ஸ்டைனார் அதில் ஒரு கைப்பிடி நிறைய அள்ளிக்கொண்டு கீழே வந்தான்.

ராக்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருப்பதிலேயே தடிமனானதை எடுத்து, மோந்து பார்த்தாள். நல்ல வாசனை. கைப்பிடியை அறுத்தாள். பேனாக்கத்தியால் ஆப்பு போலச் சீவினாள். ஓட்டையை முழுக்கச் சுரண்டிச் சுத்தம் செய்து, பசை விட்டு, ஆப்பை அடித்து இறக்கினாள். அப்புறம் நிலவறையைப் பூட்டி, சாவியை ஸ்டைனாரிடம் கொடுத்தாள்.

"நான் கேட்டாலும் தராத."

கேட்டாள். அவன் தரவில்லை.

பசை நன்றாக இறுகிய பிறகு இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள். அவள் மேலே நீட்டியிருந்த ஆப்பைச் சமமாகச் சீவி, குத்தூசியால் வழி செய்து, பிடியை வைத்தாள். திருகாணி முனையில் ஒரு சொட்டுப் பசை. பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். திருப்புளியை இடது கையால் எடுத்தாள்.

"என்ன இது?" என்றான் ஸ்டைனார்.

"பேசாத."

இடது கைக்குப் பழக்கமில்லை. திருப்புளி வழுக்கியது, திருகாணி சாய்ந்தது, மறுபடி எடுத்து நேராக்கினாள். மெதுவாக உள்ளே போயிற்று. ஜூனிபர் ஒவ்வொரு இழைக்கும் எதிர்த்தது. பிடியின் தகடு மரத்தோடு போய் உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம். இடது கை நின்றுவிட்டது. தொடைக்கடியில் வலது கை துடித்தது, நான் வரட்டுமா, நான் வரட்டுமா என்று. அவள் நெற்றியில் வேர்வை.

அவள் திருப்புளியை மேசைமேல் வைத்தாள்.

"போதும்" என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அதுவரை கேட்டதில்லை என்று ஸ்டைனார் பிற்பாடு ஊரெல்லாம் சொன்னான்.

சொன்னபடியே ஹால்வர் வந்தான். கையில் அவனுடைய புது டிரில் எந்திரம்.

"வீம்பு பண்ணாத ராக்னா. ஆடினா நானே சரி பண்ணித் தர்றேன். இதை விட நீளமான ஸ்க்ரூ, டிரில்லை வெச்சு ஒரு அமுக்கு. என் பலகைக்கு ஜனவரியிலேயே அப்படிப் போட்டாச்சு. காபி ஆறுறதுக்குள்ள வேலை முடிஞ்சுரும்."

"நீளமானதா? பலகை என்ன தடிமன் இருக்குன்னு பார்த்தியா?"

"அதெல்லாம் போகும்."

"போகும். அடி வழியா வெளியவும் போகும்."

ஹால்வர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பலகையைக் காலடியில் வைத்து மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடியைப் பற்றி இழுத்தான். ஆட்டினான். முறுக்கினான். முகம் சிவந்ததுதான் மிச்சம். பிடி அசையவில்லை.

"அட" என்றான். அப்புறம், மனசு கேட்காமல், "எதுக்கும் இருக்கட்டும், இன்னும் ஒரு சுத்து..." என்று டிரில்லைத் திருகாணியின் தலையில் வைத்தான்.

ராக்னாவின் வலது கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"எடு."

"இல்ல, ஒரே ஒரு..."

"ஹால்வர். எடுன்னா எடு."

எடுத்தான். மணிக்கட்டில் விரல் பதிந்த தடம் இருந்தது. "மரை கழண்டது உன் ஸ்க்ரூவுக்கா, உனக்கா?" என்று முணுமுணுத்துக்கொண்டே காபி குடிக்க மேலே போனான். ஆனாலும் சொன்ன சொல் தவறவில்லை. அன்று மாலையே ஓட்னியிடம், அவள் பலகையிலேயே வரட்டும் என்று சொல்லிவிட்டான்.

கிளம்பிய நாள் நல்ல வெயில். இரவில் உறைந்த பனி காலையில் மேலே கெட்டியாக இருந்தது. அடிவாரத்தில் குல்பிரான் மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். வண்டியின் முன்பக்கம் மான் தோல் விரித்திருந்தது.

"ஏறலியா ராக்னா? விரிச்சு வைக்கச் சொன்னாங்களே."

"ஏறலை. தோலைச் சுருட்டாத, வேற யாருக்காவது உதவும்" என்று சிரித்தாள். பூட்ஸை இடது பலகையின் பிடிக்குள் வைத்து அழுத்தினாள். கவ்விக்கொண்டது.

ஹால்வர் வழக்கம் போல முதல் ஆளாகப் பறந்துவிட்டான். ஸ்டைனார் முன்னால், ராக்னா நடுவில், அவளைக் கண்காணித்தபடி ஓட்னி பின்னால். சதுப்பு நிலத்தில் முதல் கொஞ்ச தூரத்துக்கு ராக்னாவுக்குக் காதெல்லாம் இடது காலில்தான் இருந்தது. ஒரு கிறீச்சும் இல்லை. குச்சியை ஊன்றித் தள்ளியபோது பலகை அவளை எடுத்துக்கொண்டு போயிற்று. ஒரு குளிர்காலம் முழுக்க ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்த பனி இப்போது அவள் காலுக்கடியில் ஓடியது. அவள் உரக்க ஒரு கூச்சல் போட்டாள். எதுவுமில்லை, சும்மா ஒரு கூச்சல்.

"என்ன ஆச்சு, வலிக்குதா?" என்று ஓட்னி பதறினாள்.

"இல்லடி! நல்லாருக்கு!"

குல்பிரானின் ஸ்கூட்டர் அவர்களைத் தாண்டி மேலே போயிற்று.

ஏரிக்கரையில் பெரிய பாறைக்குப் பக்கத்தில் யாரோ பனிமேல் உட்கார்ந்திருந்தார்கள். கிட்டே போனபோது ஹால்வர். ஒரு காலில் பலகை இருந்தது. இன்னொரு பலகை மடியில் இருந்தது. அதன் பிடி, மூன்று நீளத் திருகாணிகளோடும் ஒரு பெரிய மரத்துண்டோடும் அப்படியே பிய்ந்து அவன் பூட்ஸில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஸ்கூட்டர் தாண்டிப் போனதும்தான் கழண்டுச்சு" என்றான். ராக்னா குனிந்து பலகையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் மூன்று இடத்தில் பரு மாதிரி புடைத்துப் பிளந்திருந்தது. ஜனவரியிலிருந்து அந்தப் பிளவு வழியாகத் தண்ணீர் ஏறி உள்ளே மரம் ஊறிப்போயிருந்தது.

"உன் ஸ்க்ரூ அடி வழியா எட்டிப் பார்த்திருக்கு பாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மற்றதையெல்லாம் ஓட்னி சொன்னாள். நீளமாகச் சொன்னாள்.

வெயிலில் இளகிவிட்ட அந்தப் பனியில் பலகை இல்லாமல் நடந்தால் தொடை வரை புதையும். பாறைக்குப் பக்கத்தில் மட்டும்தான் ஃபோன் சிக்னல் கிடைக்கும். ஹால்வர் குல்பிரானைக் கூப்பிட்டான்.

"அடுத்த நடை வர்றப்ப ஏரிக்கரையில ஒரு ஆளை ஏத்திக்கணும்... இல்ல. ராக்னா இல்ல... இல்லப்பா, அவ நல்லாத்தான் இருக்கா..." அவன் தொண்டையைச் செருமினான். "நான்தான்."

ஃபோனுக்குள்ளிருந்து வந்த சிரிப்பு ஏரியின் அக்கரை வரை கேட்டிருக்கும். சுமையை இறக்கிவிட்டு, கீழே போய் விறகு ஏற்றிக்கொண்டுதான் வர முடியும், நேரமாகும் என்றான் குல்பிரான். ராக்னா தன் பையிலிருந்த ஃப்ளாஸ்க்கை எடுத்து ஹால்வர் மடியில் வைத்தாள்.

"குளிரும். காபி குடி."

"கிண்டல் பண்றியா? இதை நான் எப்படி..." அவன் முடிப்பதற்குள் அவள் ஏரிமேல் இறங்கிவிட்டாள்.

ஏரி முடிந்ததும் கடைசி மேடு. பாதி ஏறியதும் குடிலின் புல் முளைத்த கூரை தெரிந்தது. அங்கே அவள் இடுப்பு பேச ஆரம்பித்தது. வலி என்று சொல்ல முடியாது, போதும் என்கிற ஒரு முனகல். பழைய ராக்னாவாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சில் ஏறியிருப்பாள். இந்த ராக்னா நின்றாள். குச்சிகளில் சாய்ந்து, பையிலிருந்து ஆரஞ்சு ஒன்றை எடுத்து, நிதானமாக உரித்து, பாதியைத் தங்கைக்குக் கொடுத்தாள்.

ஓட்னி ஆரஞ்சை வாங்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். "நீயாவா நின்ன?"

"நானாத்தான்."

ஓட்னிக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொல்லிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். மூன்று பேரும் சுளை சுளையாகத் தின்று முடித்தார்கள். பிறகு ராக்னா மறுபடி ஏறினாள். ஸ்டைனார் வழியிலிருந்து ஒதுங்கி நின்று அவளை முன்னால் விட்டான்.

கொடிக்கம்பத்தின் கயிறு உறைந்து விறைத்திருந்தது. அவள் அதை உள்ளங்கைகளுக்கு நடுவில் தேய்த்து இளக்கினாள். கொடியைக் கட்டி இழுத்தாள். மேலே போய்க் காற்றில் விரிந்ததும் ஓட்னியும் ஸ்டைனாரும் கைதட்டினார்கள். ராக்னா அண்ணாந்து பார்த்துக்கொண்டு, காலில் பலகைகளோடு அப்படியே நின்றாள். அவளுக்குக் கழற்ற மனசில்லை.

அடுப்பு பற்றிக்கொண்டு, தொத்திறைச்சி வெந்துகொண்டிருந்தபோது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. எல்லோரும் முண்டியடித்து ஓடி வாசலுக்கு வந்தார்கள். சறுக்கு வண்டியில் விறகுக் கட்டுகளுக்கு நடுவே, கீழே மான் தோல், மேலே கம்பளி, ஹால்வர் வந்துகொண்டிருந்தான். கையாட்டவில்லை. ராக்னாதான் ஆட்டினாள்.

வண்டி நின்றது. ஹால்வர் கொடியைப் பார்த்தான், ராக்னாவைப் பார்த்தான், மடியிலிருந்த ஃப்ளாஸ்க்கைப் பார்த்தான்.

"ராக்னா, இதை யாரு மூடினது?"

"நான்தான்."

"பொய். ஒரே திருகுல திறந்துருச்சு. எனக்குப் பயமாப் போச்சு, உனக்கு உடம்புக்கு ஏதோன்னு."

"காபி மிச்சம் இருக்கா?"

"ஒரு சொட்டு இல்ல."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவன் இறங்குவதற்குக் கையை நீட்டினாள். ஹால்வர் தயங்கினான். நீட்டியது இடது கை என்று பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டான்.

"என் பலகையையும் சரி பண்ணித் தருவியா?" என்று கேட்டான், மற்றவர்களுக்குக் கேட்காதபடி. "உன்னோடதுக்கு உள்ள என்னத்தை வெச்ச? பாறை மாதிரி நிக்குதே."

"வெண்ணெய்க் கத்தி."

"எது?"

"நீ குடுத்ததுதான். உன் பலகையில ஓட்டை பெருசு. வர்ற கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் தடியா செதுக்கு" என்று சொல்லிவிட்டு, ராக்னா அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.